ஏழு செகண்ட் தப்பு

'பளார்!'

பதினெட்டாவது முறையாக அந்த அறை விழுந்தது. எடிட்டிங் ரூமைத் தாண்டிப் போனவர்கள்கூடக் கன்னத்தைத் தடவிக்கொண்டு போனார்கள்.

"இன்னும் கொஞ்சம் பலமா விழணும்ணே," என்றான் கத்திரி. புது சீரியல்களுக்கு ப்ரோமோ வெட்டுகிறவன். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

சவுண்ட் அண்ணன் ஈரத் துண்டை மேஜையில் ஓங்கி அடித்து, இன்னொரு அறையைப் பதிவு செய்தார். அதை இவன் கன்னத்திலேயே பதிவு செய்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"பாவம்டா அந்தம்மா. அடி வாங்குறதைத்தான் ஊருக்குக் காட்டணுமா?"

"மூணு செகண்டுல ஆளைப் பிடிச்சு நிறுத்தலைன்னா விரலால தள்ளிட்டுப் போயிடுவான்ணே. ஊரே போனைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. இதுல பாவ புண்ணியம் பார்த்தா ஆகுமா?"

அந்தம்மா என்பது ட்ரே அக்கா. இதுவரை பதினோரு சீரியல். பதினொன்றிலும் ட்ரேயோடு வந்து ட்ரேயோடு போனவர். இந்தப் பன்னிரண்டாவதில்தான் ஒரு முன்னேற்றம்: காபியைக் கொட்டிவிட்டு, ஹீரோயினின் மாமியாரிடம் அறை வாங்குகிறார். இரண்டாவது எபிசோடில் வேலையை விட்டுத் துரத்திவிடுவார்கள். அத்தோடு சரி.

அன்று டப்பிங்குக்கு வந்திருந்தார். ஒரே வரி. "தெரியாம கொட்டிடுச்சும்மா." பேசி முடித்துவிட்டு வெளியே வந்தால், எடிட்டிங் ரூம் திரையில் அவர் அறை வாங்கிக்கொண்டே இருந்தார்.

"தம்பி, இதுதான் போடணுமா? இதுக்கு முந்தின சீன்ல ட்ரேயைக் கொண்டாந்து வைப்பேன். ஒரு சொட்டு சிந்தாம வச்சிருப்பேன். அதைப் போடுங்களேன்."

கத்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சிந்தாம வச்சா எவன்க்கா பார்ப்பான்?"

"இல்ல... பொண்ணு வீட்டுல எல்லாரும் பார்ப்பாங்க. மாப்பிள்ளை வேற..." அதற்கு மேல் சொல்லாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி, விடுங்க. ரெண்டாவது எபிசோடோட நம்ம கணக்கு முடிஞ்சுது. அடுத்த ட்ரே எந்த வீட்டுலயோ, எப்பவோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் போனதும் சவுண்ட் அண்ணன் ஈரத் துண்டைக் கத்திரி பக்கம் வீசினார்.

"கல்நெஞ்சன்டா நீ."

"டீ சொல்லட்டுமாண்ணே?" என்றான் கத்திரி.

மறுநாள் காலையில் ப்ரோமோ வெளியானது. மத்தியானம் விளம்பரப் பிரிவு மேடம் எடிட்டிங் ரூமுக்கே வந்து ஆடித் தீர்த்துவிட்டார்.

ஆடாமல் என்ன செய்வார்? ப்ரோமோவில் அறை விழுகிறது. ட்ரே அக்கா மெதுவாக நிமிர்ந்து மாமியாரை ஒரு பார்வை பார்க்கிறார். சீனில் அடுத்து அவர் குனிந்து கப்பைப் பொறுக்குவார், அதைக் காணோம். அந்தப் பார்வையிலேயே படம் உறைந்து நிற்க, பெரிய எழுத்தில் வருகிறது: 'இவர் யார்? திங்கள் மாலை ஏழு மணிக்கு!'

"ஹீரோயின் எங்கய்யா?"

"கடைசியில வர்றாங்க மேடம். ஒரு செகண்ட்."

"ஹீரோயினுக்கு ஒரு செகண்ட், ட்ரே தூக்குறவங்களுக்கு ஏழு செகண்டா? 'இவர் யார்'ங்கிறது ஹீரோயின் முகத்து மேலதானே வரணும்?"

"அவசரத்துல இடம் மாறிடுச்சு மேடம். தப்புதான்."

"இப்பவே எடுத்துட்டு..."

மேடத்தின் போன் அடித்தது. பேசப் பேச அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. காலையிலிருந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்களாம். யார் அந்தம்மா? என்ன பார்வை அது! ஒருவர், அந்த வீடே அவருடையதுதான் என்று சத்தியம் செய்கிறார். இன்னொருவர், மாமியாரின் தொலைந்துபோன அக்கா என்கிறார். ஹீரோயினைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

ப்ரோமோவில் கேள்வி கேட்டால் கதையில் பதில் வந்தாக வேண்டும். அந்த சேனலில் அது எழுதாத சட்டம். பதில் வராவிட்டால் பார்த்தவன் அடுத்த முறை ஏமாறமாட்டான். மேடம் உடனே கதாசிரியரைப் பிடித்தார்.

"அந்தம்மாவைத் துரத்தக்கூடாது. அவங்க யாருன்னு எனக்குத் தெரியணும்."

"எனக்கே தெரியாதே மேடம்."

"அதனாலதான் நாளைக்கு வரைக்கும் டைம் தர்றேன்."

அடுத்த வாரம் ட்ரே அக்கா மறுபடி டப்பிங்குக்கு வந்தார். இந்த முறை பதினாறு பக்க வசனம். அவர்தான் மாமியாரின் அக்காவாம், வீடும் அவருடையதாம். எப்படியும் இருநூறு எபிசோடு போகும். சவுண்ட் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

கத்திரியைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"நான் அவ்வளவு கேட்டும் நீங்க அறையைத்தான் போட்டீங்க. ஆனா, மேல ஒருத்தர் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார் தம்பி."

"ஆமாக்கா," என்றான் கத்திரி.

அவர் போனதும் சவுண்ட் அண்ணன் பிடித்துக்கொண்டார். "தப்பு பண்ணாலும் உனக்கு மச்சம்டா. போன வருஷமும் இப்படித்தான், வாட்ச்மேன் மூஞ்சி மேல 'கொலைகாரன் யார்?'னு மாத்திப் போட்டுத் தொலைச்சே. ரெண்டு நாள் வேலைக்கு வந்த மனுஷன், இன்னிக்கு வரைக்கும் வில்லனா ஓடிக்கிட்டு இருக்காரு. அதுக்கு முந்தின வருஷம் அந்த டிரைவர். அதுக்கும் முன்னாடி நர்ஸா வந்த..."

பாதியில் நிறுத்தினார். விரலை மடக்கி மறுபடி எண்ணிப் பார்த்தார்.

"டேய்... வருஷத்துக்கு ஒண்ணா?"

கத்திரி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே. ரெண்டாச்சுன்னா கண்டுபிடிச்சிடுவாங்க."