மேனகா டீச்சரின் நகைப்பெட்டி

மேனகா டீச்சரின் தகரப் பெட்டியைச் சின்னுசாமி கவிழ்த்ததும், கிரீடமும் ஆரமும் வங்கியுமாகப் பளபளவென்று தரையில் கொட்டின. வகுப்பறை வாசலில் நின்ற கூட்டம் ஓரடி முன்னால் வந்தது.

சின்னுசாமி ஓர் ஆரத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். தங்க எழுத்து அச்சடித்த கல்யாணப் பத்திரிகையை வெட்டி ஒட்டியது. கிரீடத்தில் பதித்த கல்லெல்லாம் உடைந்த வளையல். வெள்ளியாக மின்னியது மாத்திரை அட்டை. ஒவ்வொன்றையும் உதறிவிட்டு, அடியில் இருந்த டீச்சரின் மாற்றுச் சேலைகளையும் உதறினான்.

ஆண்டு விழாவில் பிள்ளைகள் ராஜா ராணி வேஷம் கட்டவேண்டும் என்று, மலைமேல் எடப்புளி நாட்டின் அந்தச் சிற்றூரில் வீடு வீடாகப் போய்க் குப்பை கேட்டவள் மேனகா. தீர்ந்துபோன டூத்பேஸ்ட் டியூப், சிகரெட் தாள், சோடா மூடி என்று எதையும் விடவில்லை.

அவள் வந்துபோன வாரத்தில்தான் சின்னுசாமி வீட்டில் சங்கிலி காணாமல் போனது. அவன் மனைவி பாவாயிக்கு அம்மா வீட்டில் போட்ட சங்கிலி. மேனகாவோ கீழே ராசிபுரத்துக்காரி. பள்ளிக்கூடத்தை ஒட்டிய அறையில் தனியாகத் தங்கியிருப்பவள். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் டீக்கடையைக் கடக்கும்போதெல்லாம் பேச்சு நின்றது.

இன்று விழா. பெட்டியைச் சோதிக்காமல் நடத்தவிட மாட்டேன் என்று சின்னுசாமி வந்து நின்றுவிட்டான். தலைமையாசிரியர் அவள் முகத்தைப் பார்க்காமல், "காட்டிருங்கம்மா, பிரச்சினை முடிஞ்சிரும்" என்றார்.

மேனகா கூட்டத்தில் பாவாயியைத் தேடினாள். தோடு இருந்த காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு, மகள் சுமித்ராவின் தோளைப் பிடித்தபடி அவள் ஓரமாக நின்றாள். சமையல்கட்டைத் தாண்டி டீச்சர் உள்ளே போகவில்லை என்பது பாவாயிக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வாயைத் திறக்கவில்லை.

"இங்க இல்லீன்னா ராசிபுரம் போய்ச் சேந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, சின்னுசாமி முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மேனகாவுக்கு நெஞ்சு எரிந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து விற்றுத் தின்றுவிட்டு, பழியைத் தன் தலையில் கட்டுகிறார்களோ?

சிதறிய நகைகளைப் பொறுக்கிப் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டாள். எல்லோருடைய நகைகளும் வகுப்பில் செய்தவை. சுமித்ராவின் ஒட்டியாணம் மட்டும் வீட்டிலிருந்து வந்தது. பழைய சேலைத் துணியைச் சுருட்டித் தைத்து, மேலே டீத்தூள் பொட்டலத்தின் ஜிகினாத் தாளை ஒட்டியிருந்தாள் பாவாயி.

"டீச்சர், இது இடுப்ப இழுக்குதுங்க" என்றாள் சுமித்ரா. மேனகா முடிச்சை இறுக்கிவிட்டு அனுப்பினாள்.

ஆட்டம் சூடு பிடித்ததும் மற்ற ராணிகளின் அட்டை ஒட்டியாணங்கள் மேலேறி மார்புக்கு வந்துவிட்டன. சுமித்ராவினுடையது இடுப்பைவிட்டு நகரவில்லை. மகளைப் பார்த்துப் பார்த்து, சின்னுசாமிதான் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினான்.

விழா முடிந்து மேனகா பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாற்றல் கேட்டு எழுதிவிடுவது என்று முடிவு செய்தாகிவிட்டது. அப்போது பாவாயி தனியாக வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து அந்த ஒட்டியாணத்தை எடுத்து நீட்டினாள்.

மேனகா நிமிரவில்லை. "உங்க ஊட்டுப் பொருள் ஒண்ணும் எங்கிட்ட வேண்டாம். நாளைக்கு இதையும் காணோம்னு வருவீங்க."

பாவாயி அதை அவள் கையில் வைத்து அழுத்தினாள். துணிக்கும் தாளுக்கும் இல்லாத கனம். ஆட்டத்தில் தையல் பிரிந்திருந்த இடத்தில், மஞ்சளாக ஒரு சங்கிலிக் கண்ணி எட்டிப் பார்த்தது.

மேனகா திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினாள். பாவாயியின் கண்கள் நிறைந்திருந்தன. தோட்டை விற்றுக் குடித்தாகிவிட்டது, அடுத்தது இதுதான் என்று சின்னுசாமி சொன்னதையும், அத்தனை பேர் முன்னால் வாய் திறக்க முடியாமல் போனதையும் தாழ்ந்த குரலில் சொல்லி, மன்னிப்புக் கேட்டாள். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இது உங்க பொட்டியிலயே இருக்கட்டுங்க டீச்சர். அங்கதான் அவரு தேடிப் பாத்துட்டாருங்களே."