முழங்கை விசாரணை

டெக்ஸஸ் பள்ளி மைதானத்தில் மாணவன் டால்டன் பந்தெறிந்த வேகத்தைப் பார்த்து, பேஸ்பால் அணிக்கு ஆள் தேடும் டுவெய்னுக்கு வாயெல்லாம் பல். அடுத்த வாரம் எல்லா அணிகளும் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். ஆனால் பையனின் முழங்கை தாங்குமா?

அதை அவனைப் பெற்றவளிடம்தான் கேட்க வேண்டும். அம்மாக்கள் கூட்டத்தில், "அப்படிப் போடுடா கண்ணா!" என்று கத்தியவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"பையனுக்குக் கை வலி ஏதாவது உண்டாம்மா?"

"அதை ஏன் கேக்கறீங்க! ராத்திரியெல்லாம் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு அழறான்."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"வந்தாத்தானே! ஊசின்னா ஒரே ஓட்டம்."

டுவெய்ன் அன்றே டால்டனைக் கைகழுவினான்.

தேர்வு நாள். போட்டி அணியின் மேஜையிலிருந்து எழுந்து, "டால்டன்!" என்று அறிவித்தவள் அதே பெண்.

டுவெய்ன் பாய்ந்து போனான். "நீங்க அவன் அம்மா இல்லையா?"

"நான் எப்பங்க சொன்னேன்? நானும் ஆள் தேடறவதான். அவன் அம்மாகிட்ட பேசத்தான் அங்க உக்காந்திருந்தேன்."

"அப்போ முழங்கை வலின்னு அழுதது?"

"என் பையன். ஏழு வயசு. சைக்கிள்லேருந்து விழுந்துட்டான். இப்போ தேவலைங்க, விசாரிச்சதுக்கு ரொம்ப நன்றி!"