மாமனார் கொடுத்த ஃபியட்

"தம்பி போன துக்கத்துல இப்படி முடங்கிக் கெடக்கியளே மாப்ள. இத நோண்டிக்கிட்டிருந்தா மனசு ஆறும்" என்று சொல்லித்தான், மாமனார் தன் பழைய ஃபியட் காரைச் சிவசங்கரனிடம் சும்மா கொடுத்தார். "புளியமரத்துல இடிச்சிட்டேன். முன்பக்கத்த மட்டும் மொதல்ல தட்டி நிமுத்திருங்க."

புத்தகம் பார்த்தே வேலை கற்ற சிவசங்கரன், ஞாயிறுதோறும் கொல்லையில் காருக்கடியில் கிடந்தான். ஆறு மாதத்தில் என்ஜின் ஓடியது.

பார்க்க வந்த மாமனாருக்கு முகம் மாறியது. "இன்னுமா முன்பக்கத்தத் தட்டல?"

"தகரவேல எனக்கு வராது மாமா. அதான் கடைசிக்கு வச்சேன். இன்னைக்குப் பிரிச்சிருவோம்."

நசுங்கிய கிரில்லைக் கழற்றியதும், உள்ளே சிக்கியிருந்த எவர்சில்வர் மூடி ஒன்று காலடியில் விழுந்தது.

சிவசங்கரன் குனிந்து அதை எடுத்தான். தம்பியின் சைக்கிளை ஏதோ ஒரு வண்டி அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போன அன்று, சிவசங்கரனின் மனைவி சித்ரலேகா தம்பிக்குச் சோறு கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டி மூடியில்லாமல்தான் ரோட்டில் கிடந்தது.

மூடியை வேட்டியில் துடைத்தான். கல்யாணச் சீரில் வெட்டிக் கொடுத்த எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன.

'மகள் சித்ரலேகாவுக்கு அப்பாவின் அன்பளிப்பு.'

அதை மாமனாரிடம் நீட்டினான்.

"நீங்க குடுத்த சீருதான் மாமா. வாசிங்க."