ராணி மகால் வாசலில்

“கழுத்துகிட்ட விட்டுட்ட பாரு. வெயில் சுடுது.”

அவர் குனிந்தார். காலையில் திருமலையில் மொட்டையடித்த தலை. அவள் விரலில் சந்தனம் தொட்டுப் பின்கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

சந்திரகிரிக் கோட்டையில் ராஜா மகாலைப் பார்த்தாயிற்று. புல்வெளிக்கு அப்பால், மலையின் கீழே, ராணி மகால்.

“ராஜாவப் பாத்தாச்சு. நான் போயி ராணியப் பாக்கறேன். நீ மெதுவா வா.”

“மொட்டையப் பாத்ததும் கதவச் சாத்திக்கப் போறா.”

சிரித்துக்கொண்டே போனார்.

அவள் கழிப்பறை வரிசையில் நின்றாள். முகம் துடைக்கப் பையில் துண்டைத் தேடினாள். கையில் ஈரம் பட்டது. காலையில் தலை முழுகிவிட்டு அவர் கழற்றிப்போட்ட சட்டை.

அதன் பையில் மாத்திரை அட்டை.

நெஞ்சு அடைத்தால் உடனே நாக்குக்கு அடியில் வைக்க வேண்டியது. அது இல்லாமல் அவர் வாசலைத் தாண்டியதில்லை.

போன் செய்தாள். அவள் பைக்குள்ளேயே மணி அடித்தது. கோயிலில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய இரண்டு போனும் அவளிடம்.

புல்வெளியில் வேகமாக நடந்தாள். பிறகு ஓடினாள்.

ராணி மகால் முன்னால் பெருங்கூட்டம். எல்லாரும் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள்.

எங்கும் மொட்டை. எங்கும் சந்தனம்.

வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்த ஒருவர் கேட்டார். “யாரத் தேடறீங்கம்மா?”

“எங்க வீட்டுக்காரர. வெள்ளச் சட்ட. மொட்ட அடிச்சிருப்பார்.”

“நல்லாச் சொன்னீங்க போங்க. நானும் அதேதான்.”

அவர் மனைவி அவர் தோளில் ஒன்று வைத்தாள். “சும்மா இருங்க. பாவம், பதறிக்கிட்டு நிக்கறாங்க.”

“என்னங்க!”

ஐந்தாறு மொட்டைகள் திரும்பின. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எதுவும் அவரில்லை.

சுவரோரம் நிழலில் ஒருவர், முதுகைக் காட்டியபடி, தூணில் தோளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பவில்லை.

வேறு யாரோ.

அவரைக் கடந்து, மகாலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடினாள்.

“என்னங்க! என்னங்க!”

வேறு மொட்டைகள் திரும்பின.

மாத்திரை அட்டை உள்ளங்கை வியர்வையில் வழுக்கியது. மறுபடி முன்பக்கம் வந்தபோது மூச்சு இரைத்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறையும் சொல்லாததைச் சொன்னாள்.

“தணிகாசலம்!”

இந்த முறை எல்லாரும் திரும்பினார்கள். பெயருக்காக இல்லை. அந்தக் குரலுக்கு. வெள்ளரிக்காய்க்காரர் திரும்பினார். குழந்தைகள் திரும்பினார்கள். படத்துக்காக வரிசையாக நின்றிருந்தவர்கள் திரும்பினார்கள்.

தூணில் சாய்ந்திருந்தவர் மட்டும் திரும்பவில்லை.

அவள் இப்போது ஓடவில்லை. நடந்துதான் போனாள்.

அவர் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, மாத்திரையை வைத்தாள்.

அது கரையவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருடைய சட்டையை ஒரு கவரில் போட்டுத் தந்தார்கள். பையில் ஒன்றே ஒன்று இருந்தது. காலையில், ஈரச் சட்டையிலிருந்து மறக்காமல் எடுத்து மாற்றி வைத்தது.

சீப்பு.

பற்களுக்கு நடுவே இரண்டு முடி. இன்னும் இருக்கின்றன.