சேராத வயர்

“இதுவும் நுழையலையாக்கும்?”

“இல்ல அத்தை. முனை கொஞ்சம் பெருசா இருக்கு.”

“நாலாவது வயர் இது. போன தடவை சின்னதா இருக்குன்னே. அதுக்கு முந்தி உருண்டையா இருக்குன்னே. கண்ணை மூடிக்கிட்டா வாங்கிட்டு வர்றே?”

மருமகள் லேப்டாப்பை மூடி வைத்தாள்.

மகன் போய் ஐந்து மாதம். வேலைக்குப் போகிற வழியில் லாரி. போன், சார்ஜர் எல்லாம் சக்கரத்துக்கு அடியில் தூள்தூள். இந்த லேப்டாப் மட்டும் ஓரத்தில் ஒரு நெளிசலோடு வீடு வந்து சேர்ந்தது.

அதற்குள்தான் அந்த வீடியோ இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து ஜோக் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் தானே சிரித்துச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, கடைசி வரை சொல்லவே இல்லை. அதை அப்படியே பதிந்தும் வைத்தான். அந்தச் சிரிப்பை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். மாமியாருக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

“ஒரு ஓட்டைக்கு ஒரு முனை பார்த்து வாங்கத் தெரியல. ஆபீஸ்ல போய் நீ என்னத்தைக் கிழிக்கிறே?”

“மறுபடி பார்க்கிறேன் அத்தை.”

“நீ பார்க்கிற லட்சணம்தான் தெரியுதே! நான் பார்க்கக் கூடாதது ஏதாவது உள்ளே இருக்கா? இல்ல, அவன் முகமே மறந்து தொலைஞ்சா தேவலைன்னு இருக்கா உனக்கு?”

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். பையை எடுத்து மாட்டி, வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு தானே புறப்பட்டாள். முழங்கால் வலி அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை. மூன்றாவது தெருவிலிருந்த ரிப்பேர் கடையில் போய்த்தான் நின்றாள்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நெளிசலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“நீங்க… அந்தப் பொண்ணோட மாமியாரா?”

“ஆமா. நீங்கதான் நாலு வயரையும் அவ தலையில கட்டினவரா?”

“உட்காருங்கம்மா.”

“உட்கார வரலய்யா. எந்த ஓட்டை, எந்த முனைன்னு காட்டுங்க. நானே மாட்டிக்கிறேன்.”

அவர் லேப்டாப்பைப் பக்கவாட்டில் திருப்பி விரலால் தொட்டுக் காட்டினார்.

“இந்த அகலமானது பென் டிரைவ் போட. இதோ, கீழ்ப்பக்கம் ரெண்டு மூலையும் சரிஞ்சு இருக்கே, இது டிவிக்குப் போறது. இந்த உருண்டை காதுல மாட்டிக் கேட்க. சார்ஜ் ஏறுறது கடைசியில இருக்கிற இந்தச் சின்னது மட்டும்தான். மாத்திரையைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கு பாருங்க.”

“அட, இவ்வளவுதானா! இதுக்கா அஞ்சு மாசம்? போடுங்க, போடுங்க.”

“வேண்டாம்மா. உங்க மருமகளைக் கூட்டிட்டு வாங்க.”

“ஏன்? எம் பிள்ளையைப் பார்க்க அவ சிபாரிசு வேணுமா?”

அவர் தயங்கித் தயங்கி வயரைச் செருகினார். ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தது. மாமியார் சட்டென்று தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள், புடவையைச் சரிசெய்துகொண்டாள். அவன் இதோ பார்த்துவிடப் போகிறான் என்பது போல.

அவர் பொத்தானை அழுத்தினார். திரை கறுப்பாக வந்தது. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. அது அப்படியே நின்றது.

“என்னய்யா எழுதியிருக்கு?”

“உள்ளே ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கும்மா.”

“எம் பிள்ளை சிரிச்சது?”

“அடிபட்டதுல உள்ளே இருந்த டிஸ்க் நொறுங்கிடுச்சு. முதல் மாசமே கழற்றிப் பார்த்துட்டேன். பெரிய இடத்துக்கெல்லாம் அனுப்பினோம். ஒரு போட்டோகூட மீளல. உங்க மருமக இந்த ஸ்டூல்ல உட்கார்ந்து அப்படி அழுதுச்சு. அப்புறம் கண்ணைத் துடைச்சுட்டு, இதுக்குச் சேராத வயரா ஒண்ணு குடுங்கன்னு கேட்டுச்சு.”

“சேராத வயரா?”

“எனக்கும் புரியல. ‘சேராத வரைக்கும் அவர் உள்ளேதான் இருக்காருன்னு அத்தை நம்பிட்டு இருப்பாங்க’ன்னு சொல்லுச்சு. ஜனங்க வேண்டாம்னு போட்டுட்டுப் போன வயருங்க ஒரு பெட்டி நிறைய இங்க கிடக்கு. மாசா மாசம் வந்து அதுல தேடித் தேடி எடுத்துட்டுப் போகும்.”

மாமியார் அந்த வெள்ளை வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை மெல்லத் துண்டில் சுற்றினாள்.

“நான் வந்தேன்னு அவகிட்ட மூச்சு விடாதீங்கய்யா.”

திரும்பி வரும்போது சொந்த வீட்டைத் தாண்டி நாலு வீடு போய்விட்டுத்தான் நினைவு வந்து திரும்பினாள்.

சாயங்காலம் மருமகள் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் ஒரு வயர். முனை மாத்திரை மாதிரி இருந்தது.

“அத்தை, இது… சரியா சேர்ந்துடும். காலையில நீங்க அப்படிக் கேட்டதுக்கு அப்புறம் என்னால முடியல. போடுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க மனசைத் திடப்படுத்திக்கிட்டு…”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். குடு இப்படி.”

மாமியார் வயரைப் பிடுங்கினாள். லேப்டாப்பைத் திருப்பி, கடைசியில் இருந்த சின்ன ஓட்டையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, பென் டிரைவ் போடுகிற ஓட்டையில் முனையை வைத்து நன்றாக அழுத்தினாள்.

“ம்ஹூம். இதுவும் சேரலம்மா. அழாதே, அவன் எங்கே போயிடப் போறான், உள்ளேதானே இருக்கான்… அடுத்த மாசம் வேற பார்த்துக்கலாம்.”