உண்மை நகல்

"ஆதாரம் இல்லாம ஒரு வரிகூட எழுதக் கூடாது," என்றார் நூலகர் கண்டிப்பாக.

எட்டாம் வகுப்பு மாணவிக்கு வரலாற்று ப்ராஜெக்ட். தலைப்பு, 'எங்கள் ஊர் நூலகம்'. நூலகர் மூன்று நாள் தும்மித் தும்மிப் பழைய செய்தித்தாள் கட்டுகளைப் பிரித்தார். திறப்பு விழாச் செய்தி கிடைத்ததும் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. நகலெடுத்து, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

"இனிமே யாரும் ஒரு கேள்வி கேக்க முடியாது!"

முதல் பரிசு கிடைத்தது.

"பரிசு குடுத்த மில் முதலாளி நம்ம நகலையே ரொம்ப நேரம் படிச்சாரு, அக்கா!" என்று பூரித்துப்போனாள் மாணவி.

பத்தாம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. முதலாளியின் தாத்தா இந்தக் கட்டடத்தை நூலகத்துக்குத் தந்தது ஐம்பது வருடத்துக்கு மட்டும் என்று அந்தச் செய்தியின் கடைசி வரி சொல்கிறது. கெடு போன மாதமே முடிந்துவிட்டது. உடனே காலி செய்யவும்.

மாலையில் வந்த மாணவி அதைப் படித்துவிட்டு அழுதாள்.

"பேப்பர்ல தப்பா போட்டுட்டாங்கன்னு சொல்லிடுங்கக்கா!"

நூலகர் நோட்டீஸின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். இணைத்திருந்த ஒரே ஆதாரத்தின் அடியில் முத்திரையும் அவருடைய கையெழுத்தும் துளி மை கலையாமல் இருந்தன.