ஊத்துறது யாரு?

இதயம் பலவீனமாகித் தீவிர சிகிச்சையில் கிடந்த சின்னசாமிக்கு டாக்டர் தண்ணீரைக் குறைத்திருந்தார். ஆனாலும் மூன்றாம் நாளும் ரத்தப் பரிசோதனையில் இதயத்தின் சுமையைக் காட்டும் அளவு ஏறியிருந்தது.

"உடம்புல தண்ணி சேருது. ஏம்மா, நீதானே திருட்டுத்தனமா குடுக்கிறே?" என்று சின்னசாமியின் மனைவி வேம்புலியம்மாளிடம் சீறினார் டாக்டர்.

"சத்தியமா இல்ல சார். தாகத்துல தவிக்கிறாரு, பாத்துகினு சும்மாதான் கீறேன்."

"ரத்தம் பொய் சொல்லாதும்மா. யாரோ ஊத்துறாங்க. உயிரே போயிடும்!"

"ஊத்துறது யாருன்னு எனக்குத் தெரியும் சார்" என்று கட்டிலில் முனகினார் சின்னசாமி. ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கிக் காட்டினார். "மருந்து கலந்து தெனம் ஏழு பாட்டில் சலைன் தண்ணி ஏத்தச் சொல்லி எழுதுனது நீங்கதானே?"

டாக்டர் மருந்துச் சீட்டைப் புரட்டினார். ஏழு பாட்டில்தான். அவசரமாக அதில் ஐந்தைப் பேனாவால் அடித்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு வேம்புலியம்மாள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி இருக்குமா?"